சத்தம் வலிமையன்று: மோட்டார் சைக்கிள் ஒலியடக்கியைக் கையால் செய்வோர் அறிய வேண்டியவை

தோட்டத்தில் இரவு விரைவில் வந்துவிடுகிறது. விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். ஆகவே, மறுநாள் பிரட்டுக்கு எழ வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுகின்றனர். அந்த நேரத்தில் லயன் வீடுகளுக்கிடையே ஒரு மோட்டார் சைக்கிள் பெருஞ்சத்தத்துடன் புகுந்தால் என்ன நேரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தொட்டிற் பிள்ளை அழுகிறது. நோயுற்ற பெரியவர் எழுந்து உட்காருகிறார். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் நான்கைந்து குடும்பங்களின் உறக்கம் கெடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பேரா மாநிலத் தோட்டமொன்றுக்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தபோது, இத்தகைய வண்டிக்குரிய இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். வேண்டுமென்றே சத்தம் எழுப்புபவர் என்று எண்ணி அறிவுரை கூறத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆசைக்குச் செய்யவில்லை ஐயா. பழைய எக்ஸோஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. புதியது வாங்கக் கையில் பணமில்லை. குழாயையும் பால் டின்னையும் வைத்து நானே செய்தேன். சத்தம் போகவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை, அவரைப் போன்ற ஏனையோருக்கும் பயன்படும் வகையில் இக்கட்டுரையில் காண்போம்.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது?

நம் தோட்டங்களில் 'எக்ஸோஸ்' என்றும் 'சைலன்சர்' என்றும் வழங்கப்படும் ஒலியடக்கியைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், இயந்திரத்தினுள் நடப்பதை முதலில் அறிதல் வேண்டும். சிலிண்டரில் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி வேலையை முடித்த பின்னரும், வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தத்துடன் உள்ளே அடைபட்டிருக்கிறது. வெளியேற்றும் வால்வு திறந்ததும் அது குழாய்க்குள் பாய்கிறது. ஊதிய பலூனை ஊசியால் குத்தினால் 'பட்' என்று வெடிப்பதும் இதே காரணத்தால்தான்.

மக்கள் 'கப்சாய்' என்றழைக்கும் சிறிய வண்டியின் நான்கடி இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வாயு வெளிப்படுகிறது. அதாவது நிமிடத்திற்கு 3,000 வெடிப்பு. நொடிக்கு 50 வெடிப்பு. இந்த ஐம்பதும் தொடர்ந்து காதில் விழும்போதுதான் அந்தப் பேரிரைச்சல் உண்டாகிறது.

ஒலியடக்கி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் இயந்திர வண்டிக்குரிய ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றனர். துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் கருவிக்கு 1909இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர், அதே தத்துவத்தைப் பின்னர் இயந்திரங்களுக்கும் பயன்படுத்தினார்.

அடக்கும் வழிகள்

ஒலியடக்கிக்கு இரண்டு கடமைகள் உண்டு. வாயுவைத் தடையின்றி வெளியே அனுப்ப வேண்டும். ஒலியை மட்டும் உள்ளே பிடித்து வைக்க வேண்டும். வாயுவை அடைத்தால் இயந்திரம் திணறும். ஒலியை விட்டால் ஊர் விழித்துக்கொள்ளும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதில்தான் ஒலியடக்கியின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

முதல் வழி அறைகள் அமைப்பது. கோயில் திருவிழாவில் குறுகிய வாசலில் நெருக்கித் தள்ளிக்கொண்டு வரும் கூட்டம், வெளியே திடலை அடைந்ததும் பரந்து வேகம் தணிகிறதல்லவா? அவ்வாறே, சிறிய குழாயிலிருந்து பெரிய அறைக்குள் நுழையும் வாயு விரிந்து அழுத்தம் குறைகிறது. மேலும், ஒலி அலைகள் அறையின் சுவரில் மோதித் திரும்புகின்றன. திரும்பும் அலையின் பள்ளமும் எதிரே வரும் அலையின் மேடும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இரண்டாம் வழி, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அல்லது எஃகுப் பஞ்சை அடைப்பது. பஞ்சினுள் நுழையும் ஒலி உராய்ந்து வெப்பமாக மாறிவிடுகிறது. ஆயினும், கீச்சென்ற கூரிய ஒலியையே பஞ்சு நன்கு உறிஞ்சும். 'தொம் தொம்' என்னும் தடித்த ஒலி அதனைக் கடந்து வந்துவிடும். ஆகவேதான் தொழிற்சாலைகள் சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் அறைகள் கொண்ட ஒலியடக்கியையே பொருத்துகின்றன.

நம் இளைஞர் செய்ததில் அறையும் இல்லை, பஞ்சும் இல்லை. வாயு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் நேராக வெளியேறியது. ஆகவேதான் அவரது உழைப்பு பயனளிக்கவில்லை.

சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளை அகற்றிவிட்டால் வண்டி விரைந்தோடும் என்று பலர் நம்புகின்றனர். இஃது ஆராய வேண்டிய நம்பிக்கை. வண்டியைச் செய்தவர்கள், ஒலியடக்கியின் உட்புறத்தை அளந்தறிந்த பின்னரே கார்புரேட்டரில் பெட்ரோலுக்கும் காற்றுக்குமுரிய அளவைத் தீர்மானித்திருக்கின்றனர். ஒன்றை மாற்றினால் மற்றொன்று பொருந்தாமற்போகும். அதனால் இயந்திரம் அதிகமாகச் சூடேறலாம். நடுத்தர வேகத்தில் இழுவை குறையலாம். அந்த இளைஞரின் வண்டியும் மேட்டில் ஏறத் திணறியது. பெட்ரோலும் முன்னைவிடக் கூடுதலாகச் செலவாயிற்று. ஓட்டுபவரின் காதுக்குத்தான் அது வேகமாகத் தோன்றியது.

ஈரடி இயந்திரங்களின் நிலை இன்னும் நுட்பமானது. அவற்றில் புகைக்குழாய் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே செயற்படுகிறது. சிலிண்டரிலிருந்து தப்பி வெளியேறும் புதிய பெட்ரோல் கலவையை, திரும்பி வரும் அலையைக்கொண்டு மீண்டும் உள்ளே தள்ளும் கூம்பு வடிவக் குழாயை 1950ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஜெர்மனியின் பொறியியலாளர் வால்டர் காடன் செப்பம் செய்தார். அக்குழாயின் நீளம் சிறிது மாறினாலும் இயந்திரத்தின் வலிமை மாறிவிடும். ஆகவே, ஈரடி வண்டிக்குக் கையால் குழாய் செய்ய முயலாதீர்கள். உள்ளிருக்கும் தடுப்புக் குழலைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, மறுபடியும் பொருத்துவதே போதுமானது.

எரிபொருளைப் பீய்ச்சும் முறையில் இயங்கும் புதிய வண்டிகளையும் விட்டுவிடுங்கள். அவற்றின் புகைக்குழாயில், நச்சு வாயுவைக் குறைக்கும் வினையூக்கிப் பகுதியும் உயிர்வளியை உணரும் கருவியும் இருக்கக்கூடும். அவற்றை வெட்டினால் திரும்பச் செய்ய இயலாது. கார்புரேட்டருடன் கூடிய சிறிய நான்கடி வண்டிக்கு மட்டுமே கீழே கூறப்போகும் முறை பொருந்தும்.

துரு ஏன் பிடிக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இயந்திரம் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாக வெளியேறிவிடும். ஆனால், நம்மவர் லயத்திலிருந்து பிரட்டுக் களத்திற்கும், அங்கிருந்து நிரைக்குமாகச் சிறு சிறு தொலைவே ஓட்டுகின்றனர். ஒலியடக்கி சூடேறுமுன் வண்டி நின்றுவிடுகிறது. ஆவி குளிர்ந்து நீராகி உள்ளேயே தங்குகிறது. ஆகவே, துரு உள்ளிருந்து தொடங்குகிறது. வெளியே தெரியும்போது பாதித் தகடு கரைந்து போயிருக்கும்.

பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தை வண்டியில் ஏற்றிச் செல்வோர், அது குழாயின்மீது சிந்தினால் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அமிலம் இரும்பை அரித்துவிடும். சேறும் அவ்வாறே, காய்ந்து ஒட்டிக்கொண்ட சேறு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

துளை சிறியதாகவும் சுற்றியுள்ள தகடு தடிப்பாகவும் இருந்தால், புதிதாகச் செய்யத் தேவையில்லை. துருவைச் சுரண்டிவிட்டு, ஒரு தகட்டுத் துண்டை வைத்துப் பற்றவைத்தாலே போதும். தட்டினால் உதிரும் நிலையிலிருந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

செய்யும் முறை

இதற்குப் பழைய ஒலியடக்கியே முதல் ஆசான். அதை எறிந்துவிடாதீர்கள். நீளவாக்கில் அறுத்துத் திறந்து, எத்தனை அறைகள், எந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒவ்வொன்றின் அளவு என்ன என்பவற்றைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்த அளவுகளைப் பின்பற்றுவதே சிறந்தது. அளவு தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தால், 100 சி.சி. வண்டிக்குப் பின்வரும் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1. வெளிக்கூடு: நாகப் பூச்சு இல்லாத மென்னெஃகுக் குழாய், உட்குறுக்களவு 75 மில்லிமீட்டர், நீளம் 350 மில்லிமீட்டர், தடிப்பு 1.5 மில்லிமீட்டர். இதன் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். சிலிண்டரைப் போல் 15 மடங்கு. பத்து மடங்கிற்குக் குறைந்தால் ஒலி சரியாக அடங்காது.

2. அறைகள்: இரண்டு தடுப்புத் தகடுகளை வைத்து 150, 120, 80 மில்லிமீட்டர் என மூன்று அறைகளாகப் பிரிக்க வேண்டும். அறைகள் ஒரே அளவில் இருத்தலாகாது. ஓர் அறை தப்பவிட்ட ஒலியை மற்றோர் அறை பிடிக்க வேண்டுமாயின், அளவுகள் வேறுபட வேண்டும்.

3. நுழைகுழாய்: வண்டியின் புகைக்குழாய் அளவுக்கேற்றது. 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். முதல் அறையினுள் நீளும் அதன் முனையை அடைத்துவிட்டு, பக்கங்களில் 5 மில்லிமீட்டர் துளைகள் இட வேண்டும். 25 துளைகளின் மொத்தப் பரப்பு அக்குழாயின் வாய்ப் பரப்புக்குச் சமம். எனினும், துளைகளில் உராய்வு உண்டாவதால் 50 துளைகளுக்குக் குறையாமல் இடுங்கள். வாயுவின் ஒரு பெரும் பாய்ச்சல் பல சிறு பாய்ச்சல்களாக உடைந்து தணிகிறது.

4. இடைக்குழாய்கள்: முதல் தடுப்பில் மேற்புறமாக ஒன்றும் இரண்டாம் தடுப்பில் கீழ்ப்புறமாக ஒன்றும், அதே 25 மில்லிமீட்டர் அளவில் அமைய வேண்டும். வெளியேறும் வால்குழாய் பழையதன் அளவிலேயே இருக்கட்டும்.

5. நீர் வடிதுளை: ஒவ்வொரு தடுப்பின் அடிவிளிம்பிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஒன்று, கூட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் அதே அளவில் ஒரு துளை. இச்சிறு துளை, ஒலியடக்கியின் ஆயுளைப் பெரிதும் நீட்டிக்கும்.

இடைக்குழாய்களை முதலில் தடுப்புத் தகடுகளில் பற்றவைத்து, பின்னர்த் தகடுகளைக் கூட்டினுள் நுழைத்துப் பொருத்துங்கள். நுழைகுழாயைச் சேர்க்குமுன் ஒரு முனையில் கைவிளக்கைப் பிடித்து மறுமுனை வழியே பாருங்கள். ஒளி நேராகத் தெரிந்தால் ஒலியும் நேராக வெளியேறும். தகடுகளைத் திருப்பி அமையுங்கள். எல்லாம் மூடிய பின், துளைகளைத் தற்காலிகமாக அடைத்து, சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றடித்து, பற்றவைத்த இடங்களில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். நுரை கிளம்பும் இடத்தில் கசிவு இருக்கிறது.

வண்டியில் பொருத்தும்போது, சிலிண்டருடன் சேரும் இடத்தில் புதிய செப்பு வளையம் இடுவது இன்றியமையாதது. ஒலியடக்கி சூடேறும்போது நீளும். ஆகையால் பின்புறத் தாங்கியில் இரப்பர் வளையம் வைத்து இறுக்குங்கள். வெப்பம் தாங்கும் சாயம் பூசி, கால் படும் பக்கத்தில் ஒரு மறைப்புத் தகடும் அமைத்தல் வேண்டும். குழந்தைகளின் கெண்டைக்காலில் காணப்படும் தீத்தழும்புகள் பல இக்குழாயால் வந்தவை. அப்படிச் சுட்டுவிட்டால், பற்பசை முதலியவற்றைத் தடவாமல், 20 நிமிடங்கள் ஓடும் குளிர்நீரில் காட்டி, பின்னர் மருத்துவ உதவியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உயிரோடு விளையாடலாகாது

செய்முறையைவிட முக்கியமானவை இனி வருபவை. பற்றவைக்கத் தெரியாதவர், பொருள்களை ஆயத்தம் செய்துகொண்டு, தெரிந்தவரிடம் அப்பணியை ஒப்படைப்பதே அறிவுடைமை.

நாகப் பூச்சுள்ள தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்தால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் காணலாம். எண்ணெய், பெட்ரோல், சாயம், மருந்து இருந்த டின்களையும் பீப்பாய்களையும் ஒருபோதும் அறுக்கவோ பற்றவைக்கவோ கூடாது. காலியாகத் தோன்றினாலும் உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரைக் கொல்லும். பழைய கல்நார்த் துணியையும் கயிற்றையும் தொடாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கும். ஒலியடக்கியை வண்டியிலிருந்து கழற்றி, தனியே வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

முடித்த பின் திறந்தவெளியில் மட்டுமே இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. கதவடைத்த ஸ்டோரில் சில நிமிடங்கள் போதும். மனிதர் மயங்கி விழுந்துவிடுவார்.

மரங்கள் இலையுதிர்க்கும் வறண்ட காலத்தில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சருகுக் குவியலின்மீதும் காய்ந்த லாலாங் புல்லின்மீதும் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள். ஒரு நிரையே தீக்கிரையாகக்கூடும்.

காதும் சட்டமும்

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த தொழிலிட இரைச்சல் ஒழுங்குமுறைகள், நாள் முழுதும் வேலை செய்பவர் கேட்கும் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டலாகாது என்று வரையறுத்தன. டெசிபல் கணக்கு விந்தையானது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 85க்கு எட்டு மணி நேரமென்றால் 88க்கு நான்கு மணி; 94க்கு ஒரு மணி; 100க்குக் கால் மணி நேரமே. தடுப்பில்லாத குழாயின் அருகே 100 டெசிபல் என்பது அரிதன்று. உட்செவியிலுள்ள நுண்ணிய உணர்வுமயிர்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வெட்டிய பட்டையை மரம் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வரம் இல்லை.

1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள் வாகனங்களுக்கு ஒலியடக்கி இருத்தல் வேண்டும் என்கின்றன. 1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர மோட்டார் வாகன இரைச்சல் ஒழுங்குமுறைகள் இரைச்சலுக்கு உச்சவரம்பு விதித்துள்ளன. கையால் செய்தது என்பதனால் சட்டம் விலக்களிக்காது. ஆகவே, பொதுச்சாலையில் ஓட்டுமுன், அருகிலுள்ள சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் உண்டா என்று கேட்டறிந்துகொள்ளுங்கள். ஒப்புதல் இல்லையேல், அவ்வண்டிக்குரிய பொருளைப் பணம் சேர்த்து வாங்குவதே வழி. சம்மனுக்குக் கட்டும் தொகையைக் கணக்கிட்டால் அதுவே சிக்கனம் என்பது விளங்கும்.

உங்கள் வேலையின் தரத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதே வகை வண்டி, பழுதில்லாத ஒலியடக்கியுடன் அருகில் நிற்கட்டும். பத்தடி தள்ளி நின்று இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். உங்களுடையது உரக்க ஒலித்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

திறமைக்குச் சான்றிதழ்

அந்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் ஒரு தாளில் வரைந்து விளக்கினேன். அவர் கேட்ட கேள்விகள், ஆசிரியப் பணியில் நான் கண்ட சிறந்த மாணவர்களின் கேள்விகளை நினைவூட்டின. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஆயினும் இரும்பின் குணமறிந்த கைகள் அவருடையவை. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களைப் பற்றியும், அங்குப் பெறக்கூடிய மலேசியத் திறன் சான்றிதழைப் பற்றியும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பற்றவைப்பும் வாகனப் பழுதுபார்ப்பும் அங்குக் கற்பிக்கப்படும் தொழில்களில் அடங்கும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டின் பின்புறத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் கடிந்துகொள்வதற்கு முன் சற்று நின்று கவனியுங்கள். சத்தத்தைக் கண்டியுங்கள், திறமையைக் கண்டிக்காதீர்கள். அருகிலுள்ள பயிற்சிக் கழகத்தின் விண்ணப்பத்தை வாங்கி வந்து அப்பிள்ளையின் கையில் கொடுங்கள்.

இளைஞர்களே, ஊரையெழுப்பும் வண்டியை யாரும் செய்துவிடலாம். அதற்கு ஓர் ஓட்டைக் குழாய் போதும். உறங்கும் குழந்தையின் அருகே ஓசையின்றிக் கடந்து செல்லும் வண்டியைச் செய்வதற்குத்தான் அறிவும் பொறுமையும் வேண்டும்.